காஸ் குழிக்குள் ஒரு மருமகன்

02.06.2025, திங்கள்

காலையில் அடுப்பு என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. நீலமாக எரிய வேண்டிய நெருப்பு மஞ்சளாகிக் குனிந்து, போவதா இருப்பதா என்று யோசித்து, பிறகு போனால் போகிறது என்று எரிந்தது. தயிருக்குப் பால் காய்ச்சுகிற பெரிய அடுப்பு. பால் பொங்குவதற்குள் அடுத்த வீட்டு ஸாதியா மச்சி இரண்டு கலியாணக் கதையும் ஒரு விவாகரத்தும் சொல்லி முடித்துவிட்டாள். வழமையாக ஒரு கலியாணத்துக்குத்தான் நேரம் காணும்.

"குழிக்குள்ள மணல் நிறைஞ்சிட்டு," என்றார் பாவா. முகைதீன்பாவா, என் புருசன். ஊருக்கு முன்னால் பெயர் சொல்லமாட்டேன். கொப்பியில் சொன்னால் யாருக்குக் கேட்கப் போகிறது?

குழி மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் நிலத்துக்குள் கிடக்கிறது. சீமெந்தால் கட்டியது. சாணமும் தண்ணீரும் ஒரு பக்கத்தால் போகும். காஸ் மேலே கூடி, குழாயால் எங்கள் அடுப்புக்கும் ஒழுங்கையில் ஐந்து வீட்டுக்கும் வரும். மிச்சக் கரைசல் மறுபக்கத் தொட்டியில் வழியும். எங்கள் மாடுகள் வாவிக்கரை மணலில் படுத்தெழும்புகிறவை. சாணத்தோடு மணலும் உள்ளே போய் அடியில் குடியிருந்துவிடுகிறது. வாடகையும் தராது, எழும்பியும் போகாது.

"பெருநாள் முடிய இறங்கித் துப்பரவாக்கோணும்," என்றார். தலைமயிர் வெட்டப் போகிறேன் என்பதுபோலச் சொன்னார்.

இறங்கி. அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

போனமுறை மூடியைக் கழற்றி, காற்றுப் போக நாள்கணக்கில் விட்டு, இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார். மாடு பார்க்கிற வல்லிபுரம் அண்ணன் மேலே நின்று கயிற்றைப் பிடித்தார். ஏறி வந்தபோது பாவாவின் முகம் அடுப்புச் சாம்பல். மணலில் விழுந்து கிடந்து, "மயக்கமில்ல புள்ள, தலை சுத்தினதுதான்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கிறதுதானே என் வேலை. அந்த வருசமே வேறு ஊரில் ஒரு தகப்பன் இப்படி இறங்கினாராம். எடுக்கப் போன மகனும் வரவில்லையாம். ஒரு மௌத்து வீட்டில் கேட்ட கதை. அன்றிலிருந்து என் சிரிப்புக்குள் ஒரு கல் கிடக்கிறது.

03.06

"இறங்காட்டி என்ன?" என்று கேட்டுப் பார்த்தேன். "ஆத்துக்குள்ள மூச்சடக்கி நான் கிடக்கிற கிடை தெரியாதா உனக்கு?" என்கிறார். தெரியும். ஆனால் ஆற்றில், எங்கள் வாவியில், அவர் தலையைத் தூக்கினால் காற்று இருக்கும்.

07.06, சனி. ஹஜ் பெருநாள்

கால் வலி. இறைச்சி பங்கிட்டுப் பங்கிட்டுக் கையெல்லாம் கொழுப்பு. பேனை வழுக்குகிறது.

பாவா இந்த வருசம் தெருவுக்கே ஒரு உபகாரம் செய்தார். பெருநாளுக்கு அறுக்கிற குர்பான் மாடுகளின் வயிற்றுச் சாணம் எல்லாம் ஒவ்வொரு வருசமும் வாவிக்கரையில் நாறும். "அங்க கொட்டாதீங்க, எனக்குத் தாங்க, என்ட குழி திண்டிரும்," என்று பள்ளிவாசலில் வைத்தே சொல்லிவிட்டார். பிறகென்ன? பொடியன்கள் முச்சக்கர வண்டியில் உரப்பை உரப்பையாகக் கொண்டு வந்து கொட்டினார்கள். பாவா பெண் வீட்டுக்காரர் மாதிரி வாசலில் நின்று வரவேற்றார்.

நான் ஒரு பையை எட்டிப் பார்த்தேன். உள்ளே மாடு கட்டிய நைலோன் கயிறும் கிடந்தது. எங்கள் தெருவில் இது ஒரு சங்கடம். குர்பான் மாட்டின் கயிற்றை விற்க மனம் வராது, இன்னொரு மாட்டுக்குக் கட்டவும் கூசும். யாருக்காவது கொடுத்தால் நல்லது என்று தெரியும்; ஆனால் பெருநாள் அவசரத்தில் கொடுக்க ஆளைத் தேடுவது யார்? சாணத்தோடு போகட்டும் என்று போட்டுவிடுகிறார்கள்.

"கயிறும் போகுது," என்றேன்.

"அது உக்கிப் போயிரும், நீ இறைச்சியப் பாரு," என்றார்.

நைலோன் எங்கே உக்குகிறது? என்றாலும் நான் இறைச்சியைப் பார்த்தேன்.

12.06

ஸாதியா மச்சியின் வாய் வாழ்க! ஆரையம்பதிப் பக்கம் ஒரு பண்ணையில் மெஷின் இறக்கிக் காஸ் குழி துப்பரவாக்கினார்களாம். ஆளும் இறங்கவில்லையாம், மூடியும் திறக்கவில்லையாம், அடுப்பும் அணையவில்லையாம். செய்தியோடு அந்தப் பண்ணைக்காரரின் இரண்டாம் கலியாணத்தையும் சேர்த்துச் சொன்னாள். அது எனக்குத் தேவையில்லை. முழுதும் கேட்டேன்.

நம்பர் வாங்கிவிட்டேன்.

13.06

பாவாவுக்குச் சொன்னேன். ஆள் இறங்கத் தேவையில்லை என்று தொடங்கினேன், முகம் கோணியது. அடுப்பு ஒரு நாளும் நிற்காது என்றேன், காது நிமிர்ந்தது. போனமுறை குழியை நிறுத்தித் திரும்பக் காஸ் வர ஒரு மாதத்துக்கு மேலே போனது. விறகுப் புகையில் காய்ச்சிய பாலின் தயிரை வாங்கியவர்கள் சிகரெட் வாசம் என்றார்கள். ஐந்து வீட்டுப் பெண்களும் காலையில் என் வாசலில் வந்து நின்றார்கள்.

"சரி, வரச் சொல்லு," என்றார். உயிருக்காக இல்லை. தயிருக்காக. எதற்காகவோ இருக்கட்டும். அல்ஹம்துலில்லாஹ்.

16.06, திங்கள்

நாவற்குடாவிலிருந்து சிவதர்ஷன் வந்தார். மெஷின்காரர். காதோரம் நரை விழுந்த மனிதர், என்னைப் பார்த்து "அன்ரி" என்றார். அந்த இடத்திலேயே வேலையை இரத்துச் செய்திருப்பேன். பொறுத்துக்கொண்டேன்.

விளங்கப்படுத்தினார். மெஷின் வழிவுத் தொட்டியால் கரைசலுக்குள் முங்கி உள்ளே போகும். கரைசலே அடைப்பாக நிற்பதால் காஸ் வெளியே வராது. அடியில் ஊர்ந்து மணலை உறிஞ்சிக் குழாயால் வெளியே தள்ளும். மேலே காஸ் தன்பாட்டில் கூடிக்கொண்டிருக்கும்.

"உள்ள ஒண்டும் தெரியாதே, கண் எப்படி?" என்று பாவா மடக்கினார்.

"சத்தத்த அனுப்பித்தான் பாக்கும் அண்ணன். வௌவால் மாதிரி." பிறகு கேட்டார்: "சாணத்தத் தவிர வேற என்னவும் போட்டிருக்கீங்களா? சீலை, உரப்பை, கயிறு?"

பாவா என்னைப் பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன்.

"சும்மா சாணம்தான்," என்றார் பாவா.

நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இவர் வேலையை விட்டுவிட்டுப் போவார், பாவா இறங்குவார். அப்படித்தான் நினைத்தேன்.

23.06, திங்கள்

மருமகன் வந்துவிட்டார்!

ஒரு கிடாய் ஆட்டின் அளவு. கீழே டிராக்டர் சங்கிலி மாதிரி இரண்டு, முன்னால் சுழலுகிற திருகாணி ஒன்று, பின்னால் வால் மாதிரிக் குழாயும் வயரும். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வந்த அன்றே வாய் திறக்காமல் சாணிக்குள் இறங்கி வேலை செய்யும் மருமகனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். ஸாதியாவிடம் சொன்னேன். "என்ட மருமகனுக்கு இதக் காட்டோணும்," என்றாள். அவள் மருமகன் நாலு மாதமாகக் கதிரையைவிட்டு எழும்பவில்லை.

பின்னேரம்வரை குழாயால் கறுத்த மணல் கொட்டியது. அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. குழிக்குள் ஒருவன் துப்பரவாக்க, மேலே நான் பால் காய்ச்ச. பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்தேன்.

25.06, புதன்

மருமகன் சிக்கிவிட்டார்.

மத்தியானம் திருகாணி நின்றது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. மெஷின் உள்ளே பார்ப்பதைக் காட்டுகிற திரையில் சாம்பல் நிறத்துக்குள் பாம்புக் கூட்டம் மாதிரி ஏதோ. சிவதர்ஷன் அதைப் பார்த்தார், பாவாவைப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது.

"கயிறு," என்றார்.

பாவா தலையைத் தொங்கப்போட்டார். முப்பது வருசத்தில் நான் பாராத தலை.

"இழுத்தா வயர் அறுந்திரும். நீளத்தண்டில கத்தி பூட்டி வெட்டுற சாமான் ஒண்டு இருக்கு, சனிக்கிழமை கொண்டுவாறன். மெஷின் உள்ள கிடக்கட்டும், பரவாயில்ல. ஆனா அதுவரைக்கும் ஒருத்தரும் மூடியில கை வைக்கவேணாம். குனிஞ்சும் பாக்கவேணாம். விளங்கிச்சா அண்ணன்?"

"ஓம் தம்பி."

இவ்வளவு கெதியாக "ஓம்" சொல்லுகிற மனிதன் இல்லை அவர்.

26.06

பாவா பேசவில்லை. மாட்டோடு பேசவில்லை, பூனையை ஏசவில்லை. சோற்றில் உப்பில்லை என்று சொல்லவில்லை. இல்லைதான், வேண்டுமென்றே விட்டுப் பார்த்தேன்.

பின்னேரம் குழி மூடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

"என்ட வாயாலதான் தெருவக் கூப்பிட்டன். என்ட வாயாலதான் பொய்யும் சொன்னன். அந்த மனிசன்ட மெஷின் உள்ள கிடக்குது."

"சனிக்கிழமை எடுப்பாங்க."

"ஒரு முங்கு புள்ள. கத்தியோட ஒரு முங்கு. கயிற அறுத்தா முடிஞ்சிது."

"இறங்கினீங்கெண்டா நான் உம்மா வீட்ட போயிருவன்."

"உன்ட உம்மா மௌத்தாகி எவ்வளவு காலம்?"

சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் இறங்கமாட்டேன் என்று சொல்லவில்லை. இப்போது எழுதும்போதுதான் அது உறைக்கிறது. ஏன் அப்போதே பிடித்துக் கேட்கவில்லை? சிரித்தால் முடிந்துவிடுமா எல்லாம்?

27.06, வெள்ளி

எழுத ஏலா. ஆஸ்பத்திரி. உசிரோட இரிக்கார். உசிரோட இரிக்கார்.

29.06, ஞாயிறு

வார்ட்டுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே அவருக்கு மூக்கில் ஒட்சிசன். எழுதாமல் சும்மா இருக்க ஏலாது.

வெள்ளி, ஜும்ஆ நேரம். வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, தொப்பியோடுதான் படியிறங்கினார். ஒழுங்கையில் ஆண் வாசமே இல்லை. ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் போய்க்கொண்டிருந்தது. நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வல்லிபுரம் அண்ணன் குசினி வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, நல்ல கயிறு ஒண்டு இருக்கா?"

"என்னத்துக்கு அண்ணன்?"

 காலால் மணலைக் கிளறினார். அந்த நேரம் அடுப்பு—

நெருப்புக் குனியவில்லை, மஞ்சளாகவில்லை. பொசுக்கென்று செத்துப்போனது. பால் சத்தம் நின்றது.

காஸ் அப்படிப் போவதென்றால் ஒரு வழிதான் இருக்கிறது. மூடி.

"அவர் பள்ளிக்குப் போனவர்தானே? அண்ணன், பள்ளிக்குப் போனவர்தானே?"

"போகல்ல புள்ள."

அடுப்புக் குழாய்ப் பூட்டைத் திருகி அடைத்தேனா இல்லையா என்று நினைவில்லை. திருகியிருந்ததாக ஸாதியா பிறகு சொன்னாள். ஓடினேன். நான் ஓடுவதைப் பார்த்தால் எருமைகளே விலகும், விலகின. வெள்ளைச் சட்டை மடித்துத் தொப்பியோடு வைக்கோலில் இருந்தது. மூடி புரண்டு கிடந்தது. அவர் வயிற்றில் படுத்து, தலையும் தோளும் ஓட்டைக்குள்ளே. கயிறு வருமட்டும் எட்டிப் பார்த்திருக்கிறார். பார்க்கத்தான். பார்க்க மட்டும்தான்.

கூப்பிட்டேன். தலை அசையவில்லை. அசைந்தது உடம்புதான், ஓட்டைப் பக்கமாக, மெதுவாக, கரைத்த மா வழிகிற மாதிரி.

இடுப்புச் சாரனைப் பிடிச்சி இழுத்தன். சாரன் வந்துட்டு. சாரன் மட்டும் கையில. அல்லாஹ்வே, அந்த நேரத்திலயும் எனக்குள்ள ஒருத்தி சிரிச்சாள்—அவள என்ன செய்யிற? காலப் பிடிச்சன், வழுக்கினது. மறுகா ஒண்டும் யோசிக்கல்ல. அவர்ட ரெண்டு காலுக்கும் மேல ஏறிக் குந்திட்டன். முழுப் பாரத்தோடயும். முகத்தத் திருப்பி ஆத்துப் பக்கம் வைச்சி, "அண்ணே! அண்ணே!" எண்டு கத்தினன்.

வல்லிபுரம் அண்ணன் வந்தார். முகத்தைத் துவாயால் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, இடுப்பில் கைபோட்டு ஒரே இழுவையாக இழுத்தார். கொண்டலடித்தது. வாவியிலிருந்து வந்த அந்தக் காற்று இல்லாவிட்டால் மூன்று மையித்து என்று டொக்டர் சொன்னார். எனக்கும் இரண்டு நாளாகத் தலையிடி, கண்ணுக்குள் மிளகாய்.

மணலில் கிடத்தியபோது உதடு நாவற்பழ நிறம். தொழுகை முடிந்து வந்தவர்கள் தூக்கினார்கள். எனக்கு அவருடைய சாரனைத் திரும்பக் கட்டிவிடத்தான் தெரிந்தது. முடிச்சு விழவேயில்லை.

01.07

கண் திறந்து கேட்ட முதல் கேள்வி: "மெஷின எடுத்தாச்சா?"

அடிக்கலாம் போலிருந்தது. அவர் நெற்றியில் கைவைத்துவிட்டு வெளியே வந்து அழுதேன்.

02.07, புதன்

எடுத்தாயிற்று. சனிக்கிழமையே சிவதர்ஷன் வந்து மூடியைத் திரும்பச் சேறு பூசி அடைத்திருக்கிறார். வழிவுத் தொட்டியால் தண்டை விட்டு, திரையைப் பார்த்துப் பார்த்து அறுக்க மூன்று நாள் போனது. மருமகன் வெளியே வந்தபோது கழுத்து நிறையக் கயிறாம், மாலை போட்ட மாதிரி. சிவப்பு, பச்சை, நீலம். தெருவே நின்று பார்த்திருக்கிறது. எந்த வீட்டுக் கயிறு எது என்று எல்லோருக்கும் தெரியும். ஆளாளுக்கு வானத்தைப் பார்த்தார்களாம். நீலக் கயிற்றைப் பார்த்துவிட்டு, "இப்படி மட்டமான கயிறு ஆரு வாங்குறாங்க?" என்றாளாம் ஸாதியா. அவள் வீட்டுக் கயிறு அதுதான். வாங்கும்போது நான் பக்கத்தில் நின்றேன்.

மெஷின் கிடந்த நாளெல்லாம் அடுப்பு எரிந்தது என்றார்கள். நின்றது ஒரே தரம். அது மனிதன் மூடி திறந்ததால்.

05.07

வீட்டுக்கு வந்தார். மெலிந்து, வெயிலில் போட்ட பிலாக்கொட்டை மாதிரி.

சிவதர்ஷன் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். பாவா மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். சிவதர்ஷன் நடுவில் மறித்தார்: "அண்ணன், மெஷின் செத்தா வேற செய்யலாம்." அவ்வளவுதான். பிறகு தேத்தண்ணி குடித்தோம். போகும்போது என்னை "அக்கா" என்றார். இனி எத்தனை மெஷினும் இறக்கலாம்.

11.07

மருமகன் மிச்ச மணலையும் எடுத்துவிட்டார். நெருப்பு வாவி நீலம். பார்த்துக்கொண்டு நின்றேன், சந்தோசம் வரவில்லை. அணையுமோ, அணையுமோ என்று கண் அதிலேயே கிடக்கிறது.

19.07, சனி

கருவாடு அடுப்பில் கிடக்க, மதிலோரம் ஸாதியாவோடு நின்றுவிட்டேன். ஒழுங்கை முனையில் போன ஒருத்தர் இருமிக்கொண்டு, "ராத்தா, எதோ எரியிது!" என்று கத்தினார். ஓடி வந்தால் குசினி முழுக்கப் புகை. பாவா நடுவில் கதிரை போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் வாசிக்கிறார்.

"மணக்கல்லையா உங்களுக்கு?"

"தடிமன்," என்றார்.

அவருக்குத் தடிமனும் இல்லை, மூக்கடைப்பும் இல்லை.

20.07

சர்பத்துக்குப் பிழிகிற தேசிக்காய் ஒன்றை நறுக்கி மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். கண்ணை மூடச் சொல்லியிருந்தேன். "என்ன?" என்றேன். இரண்டு தரம் மோந்துவிட்டு, "தோடம்பழம்," என்றார். அடுத்து அத்தரைக் காட்டினேன். "தண்ணியா?" என்றார்.

நான் ஒரு பகிடியும் விடவில்லை.

25.07

டொக்டர் சொல்கிறார்: அந்தக் காஸ் முதலில் மூக்கைத்தான் கொல்லுமாம். திரும்பி வரலாம், வராமலும் விடலாம். எப்போது என்று சொல்ல ஏலாதாம்.

பாவா தலையாட்டினார். வழியில் பஸ்ஸுக்குள் மெதுவாகச் சொன்னார்: "உன்னிட்ட சொல்லல்ல. ஒரு தாச்சிப் பால் புளிச்சிட்டு. கெட்ட பால நான்தான் கலந்தன். மணம் தெரியல்ல."

அது சின்ன விசயம் இல்லை. எங்கள் தயிர்ப் பட்டறையில் இருந்த ஒரே மெஷின் அவருடைய மூக்கு. காலையில் பால் கலன் ஒவ்வொன்றின் மூடியையும் தூக்கி மோந்து பார்ப்பார். கொஞ்சம் மாறினாலும் ஒதுக்கிவிடுவார். அந்த மூக்கை நம்பித்தான் கடைக்காரர் எங்கள் சட்டியைத் திறந்து பாராமலே வாங்குகிறார்.

பயம் போனதென்று நினைத்தேன். வீடு மாறியிருக்கிறது. இனி எங்கேயாவது காஸ் கசிந்தால் அவருக்குத் தெரியாது. கொட்டிலுக்குள் தனியே போனால் நான் பின்னாலேயே போகிறேன். "என்ன, நிழலா நீ?" என்கிறார். ஓம், என்றேன்.

02.08

குழியிலிருந்து குழாய் வருகிற வழி முழுக்க நடந்து, பூட்டுக்குப் பூட்டு மூக்கை வைத்துப் பார்த்தேன். மாடுகள் என்னைப் பற்றி என்ன நினைத்திருக்கும் என்று எழுத வேண்டாம்.

11.08, திங்கள்

காலை. பால் வந்தது. பாவா வழமைபோலக் கலன்களுக்கு முன்னால் வந்து நின்றார். முதல் மூடியில் கை வைத்தார். வைத்த கையை எடுத்தார்.

"கைறுன். இஞ்ச வா." புள்ள என்றுதான் கூப்பிடுகிறவர், என் பெயரைச் சொன்னார்.

வல்லிபுரம் அண்ணன் மூடியைத் தூக்கினார். நான் குனிந்தேன். குனியும்போது அந்தக் குழி ஓட்டை கண்ணில் வந்தது—வெறும் பால் கலனுக்கும் இனிப் பயப்படாமல் குனிய முடியாத பெண்ணாகிவிட்டேன். மூச்சை இழுத்தேன். புல் வாசம், மாட்டு வாசம், சூடு.

"நல்லம்," என்றேன்.

அடுத்தது நல்லம். அதற்கடுத்த கலனில் கொஞ்ச நேரம் நின்றேன். ஏதோ ஒன்று, பெயர் சொல்ல ஏலாத ஒன்று. இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இது வேணாம்," என்றேன்.

பாவா அதன் மூடியை இறுக்கினார். கலனைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அடுத்ததன் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.